அறுபது அட்டைப்பெட்டியும் ஒரு பை பாலும்

கூடைப்பந்து அணியில் ஓர் ஆள் மாறினால் பத்திரிகையில் ஒரு வரி வரும். எனக்கு அறுபது அட்டைப்பெட்டி வரும். ரொறன்ரோவில் ஒரு தொழில்முறை அணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 'வீரர் குடியமர்வு அலுவலர்' என்று என் அட்டையில் போட்டிருக்கிறது. வருகிறவனுக்கு வீடு, கட்டில், குளிர்ச்சட்டை, பல் வைத்தியர். போகிறவனுக்குப் பெட்டி, டேப், எல்லைச் சுங்கப் படிவம். இந்த நகரத்தில் ஒரு தடவையாவது வீடு மாறியவர்களே, சாமான் லிஃப்டைப் பதிவுசெய்ய மறந்து சோபாவோடு லொபியில் நின்றவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

வேலைக்குச் சேரும்போது வெளியே யாருடைய பெயரையும் சொல்வதில்லை என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே ஆட்களுக்கெல்லாம் நம்முடைய பெயர் வைத்திருக்கிறேன். ஆறடி பதினொரு அங்குலத்தில் ஒரு செல்லத்துரை வந்தால் திடுக்கிட வேண்டாம். அவர்கள் இங்கிலிஷில் சொன்னதையும் நம்முடைய பேச்சிலேயே தருகிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது. பொது மேலாளருக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. இந்த வேலை எனக்கு இன்னும் வேண்டும்.

செல்லத்துரை போனார்

செல்லத்துரை எட்டு வருடம் எங்கள் அணியைத் தூக்கி நிறுத்தியவர். ஆனால் அணி நடுவிலேயே நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை. அப்படியிருந்தால் பழைய ஆட்களை விற்றுவிட்டு முதலிலிருந்து கட்டவேண்டும் என்று மேலாளர் தீர்மானித்தார். ஒவ்வொரு பெப்ரவரியிலும் ஒரு பிற்பகல் மூன்று மணியோடு அணிகள் ஆள் மாற்றிக்கொள்கிற கதவு மூடிவிடும். அதற்குப் பத்து நாள் முன்னர் செல்லத்துரையைக் கூப்பிட்டு, "நீர் எங்கையும் போகேல்லை" என்று தோளில் தட்டி அனுப்பினார். பதினோராம் நாள் அவர் வேறு நகரத்து ஆள். மகனை ஏற்றப் போன பள்ளிக்கூட வாசலில், இன்னொரு பிள்ளையின் தகப்பன் போனைப் பார்த்துச் சொன்னாராம்.

செல்லத்துரை வீட்டு மணியை நான் அடித்தபோது என் கையில் டேப் இருந்தது. அதைப் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய மனைவி அழவில்லை. சமையலறைக் கதிரையில் இருந்துகொண்டு, அந்தப் பக்கத்தார் பதிலுக்கு என்ன தந்தார்கள் என்று கேட்டார். ஒரு வீரரும் மூன்று டிராஃப்ட் முறையும் என்றேன். கோடை தோறும் இளம் பெடியன்களை அணிகள் முறைவைத்துத் தெரிவதுதான் டிராஃப்ட். அந்த முறையை விற்கலாம், வாங்கலாம். ஐந்து வருடம் கழித்து வரப்போகிற முறையை இன்றைக்கே வாங்கியும் வைக்கலாம். எங்களுக்குக் கிடைத்ததில் ஒன்று அப்படிப்பட்டது. அதில் வரப்போகிறவனுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று அந்தப் பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப என்ரை மனுசனைக் குடுத்திட்டு எட்டாம் வகுப்புப் பெடியனையோ வாங்கியிருக்கினம்?"

நாற்பத்தோராம் மாடியில் அலாம்

செல்லத்துரைக்குப் பதிலாக வந்தவர் நவரத்தினம். கிழக்கு ஐரோப்பாவில் பிறந்தவர், ஏழடி உயரம், மெல்லிய குரல். ஏரிக்கரையில் நாற்பத்தோராம் மாடியில் ஒரு கொண்டோ வீடு பிடித்தேன். செல்லத்துரை வீட்டில் டேப் ஒட்டிய அதே கையால் இன்னொருவருக்குச் சாவியை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. நம்முடைய சனம் ஒரு பேஸ்மென்டுக்குக் குடிபோனாலும் பால் காய்ச்சாமல் போகாது. நகரத்துக்கு வெளியே விட்பியில் நாங்கள் வீடு வாங்கியபோதும் காய்ச்சினோம். ஆகவே நவரத்தினமும் மனைவியும் வருவதற்கு முன்னர் ஒரு சட்டியை வைத்து ஒரு பை பாலைக் காய்ச்சினேன். இங்கே நாலு லீற்றர் பாலை மூன்று பைகளாக அடைத்துத்தான் விற்பார்கள்.

பால் நன்றாகவே பொங்கியது. பொங்கி, கண்ணாடி அடுப்பில் வழிந்து, தீய்ந்து, புகைத்து, அலாமைக் கிளப்பியது. பெப்ரவரிக் குளிரில் முழுக் கட்டடமும் தெருவில் நின்றது. தீயணைப்புக்காரர் என்னிடமிருந்து அறிக்கை எழுதி வாங்கினார்கள். 'காரணம்: பால்.' அடுத்த நாள் ஆட்டத்தில் நவரத்தினம் முப்பத்தொரு புள்ளி எடுத்தார். என்னை வேலையால் நிறுத்தப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் மேலாளரின் அறைக்குப் போனேன். விளையாட்டுக்காரரின் நம்பிக்கைகளுக்கு முன்னால் நம்முடைய கோயில் சனம் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் அறிக்கையை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "வசந்தி, இனி வாற எல்லாருக்கும் காய்ச்சுங்கோ. ஆனா யன்னலைத் திறந்து வைச்சிட்டுக் காய்ச்சுங்கோ."

தோற்பதற்கும் திட்டம்

நவரத்தினம் ஒருவரால் எத்தனை ஆட்டம் வெல்ல முடியும்? அடுத்த பருவம் முழுக்கத் தோற்றோம். அணி வேண்டுமென்றே அப்படி விடப்பட்டிருந்தது. கீழே கிடக்கிற அணிக்குத்தான் டிராஃப்டில் முந்திய முறை கிடைக்கும். இதை அலுவலகத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். நகரத்தின் கிழக்கே நம்முடைய சனம் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி விளக்குவதுதான் கஷ்டம். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்தவுடன் ஒவ்வொருவரும் மேலாளராகி விடுவார்கள். "அவனைக் குடுத்து இவனை எடுங்கோ" என்று என் தட்டில் சோற்றோடு சேர்த்து யோசனையும் விழும்.

அன்றைக்குப் பக்கத்து டோர்செட் பார்க் பகுதியிலிருந்து வந்த ஓர் அங்கிள் பிடித்துக்கொண்டார். ரிக்கற் வாங்கிப் பார்க்கப் போனவர், நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் பொறுமையாக எல்லாம் விளக்கினேன்: இப்போது தோற்றால் நல்ல பெடியன் கிடைப்பான், அவன் வளர்வான், நாலு வருடத்தில் பாருங்கள் என்று. கத்தரிக்காய்க் கறியை அள்ளியபடியே முழுவதையும் கேட்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது, நான் விளக்கினால் விளங்காதவர் குறைவு. கரண்டியை வைத்துவிட்டு அங்கிள் சொன்னார்: "பிள்ளை, எங்கடை பழைய மாணவர் கிரிக்கெட் ரீம் இருபது வருசமாப் பிளான் ஒண்டும் இல்லாமலே தோக்குது. உதுக்கு ஒரு ஒப்பீசும் சம்பளமும் எதுக்கு?"

கிழக்கு எந்தப் பக்கம்?

அந்தத் தோல்விகளுக்கெல்லாம் கிடைத்த கூலி ராசு. டிராஃப்டில் இரண்டாவதாகத் தெரிந்தோம். வயது பத்தொன்பது, உயரம் ஆறடி பத்து, பிறந்ததிலிருந்து பனியைக் காணாத தெற்கத்திப் பிள்ளை. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ராசுவின் முதல் ஒப்பந்தம் நாலு வருடம். மூன்றாம் வருடம் முடிகிற கோடையில் அதை நீட்டக் கையெழுத்து வைக்கலாம், வைக்காமலும் விடலாம். இதற்கு முன்னர் நன்றாக வளர்ந்த இரண்டு பேர் நாலு வருடம் முடிந்த கையோடு வெயில் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ராசுவும் போனால் செல்லத்துரையைக் கொடுத்தது, ஒரு வருடம் தோற்றது, எல்லாம் வீண். "பந்தை நாங்கள் பழக்கிறம், ஊரை நீங்கள் பழக்குங்கோ" என்றார். அது எனக்குத் தெரிந்த வேலைதான். வீட்டு ஏஜென்ட் யன்னலைத் திறந்து ஏரியைக் காட்டினான். நான் அளவுநாடாவோடு குளியலறைக்குள் போய், தண்ணீர் ராசுவின் தலையில் விழுமா நெஞ்சில் விழுமா என்று பார்த்தேன். நெஞ்சில் விழுகிற ஏழு வீட்டைத் தள்ளி எட்டாவதைப் பிடித்தேன்.

பால் காய்ச்சுகிற அன்று யன்னல் திறந்திருந்தது. கிழக்கைப் பார்த்து நிற்கவேண்டும் என்றேன். ராசு போனில் திசைகாட்டியைத் திறந்து, அறையைச் சுற்றி ஒரு வட்டமடித்து, ஸ்காபரோப் பக்கமாகத் திரும்பி நின்றான். பால் பொங்கி வழிந்ததும் கைதட்டினேன். அவனும் தட்டினான். அவனுடைய தாய் இதையெல்லாம் போன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என்ரை வீட்டிலை இவன் பாலைப் பொங்க விட்டா அடி விழும். உங்களுக்கு உதுக்குச் சம்பளமும் தாறினமோ?"

என் அழைப்பை எடுக்காதவர்கள்

ஒரு குறை மட்டும் இருக்கிறது: யாரும் என் போனை எடுப்பதில்லை. சாவி கொடுத்தவளும் நான்தான், பெட்டி கட்டுகிறவளும் நான்தான். பெப்ரவரி பிறந்துவிட்டால் என் பெயர் போனில் வந்தாலே ஆட்கள் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். பல் வைத்தியரிடம் நேரம் எடுத்ததைச் சொல்வதற்காகக் கூப்பிட்டிருப்பேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ராசு ஒருவன்தான் முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கோ அன்ரி" என்பான். எனக்கு அது பெரிய சந்தோசம்.

நவரத்தினத்தின் வீட்டுக் குழாய் ஒழுகியபோது மூன்று தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. கடைசியில் பயிற்சிக்கூட வாசலில் போய் நின்றேன். அவர் என்னைக் கண்டு, என் கைகளைப் பார்த்து, டேப் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்ட வந்தார். குழாய்க்காரன் நாளைக்கு வருவான் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இனி எழுதி அனுப்புங்கோ அன்ரி. உங்கடை பெயர் வந்தா என்ரை மனுசி பெட்சீற்றைக் கழட்டி மடிக்கத் தொடங்கிடுவா."

போய்த் திரும்பியவர்

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. ராசுவின் இரண்டாம் வருடம் நவரத்தினத்தையே விற்றார்கள். நான் ஒன்றரை நாளில் வீட்டைக் காலிசெய்து லொறியில் ஏற்றிவிட்டேன். அந்த வேகத்தில் பெட்டி கட்ட இந்த நாட்டில் எனக்கு நிகராக ஆள் இல்லை, இதைத் தற்பெருமை என்று எடுத்தாலும் சரி. லொறி அமெரிக்க எல்லையைத் தாண்டிப் பஃபலோ நகரத்தையும் கடந்த பிறகு, வாங்கின அணியின் டொக்டர் நவரத்தினத்தின் முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆள் மாற்றம் கலைந்தது. ஆள் திரும்பி வந்தார், சாமானும் திரும்பி வந்தது.

அணியில் எல்லாருக்கும் சங்கடம். விற்ற ஆளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மேலாளர் இரண்டு நாள் பின்கதவால் போய்வந்தார். நான் மட்டும் அதே நாற்பத்தோராம் மாடியில், அதே பெட்டிகளைப் பிரித்து, அதே கோப்பைகளை அதே தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நவரத்தினம் சமையலறை வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தார். கோபமாய் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைக் காட்டிக் கேட்டார்: "விலைப்படாமத் திரும்பி வந்த ஆளுக்கும் பால் காய்ச்சுவீங்களோ, அன்ரி?" காய்ச்சினேன்.

வாசல் தவறியது

இனி என் பிழையைச் சொல்கிறேன். ராசுவின் மூன்றாம் வருடம். பெடியன் நன்றாக வந்துவிட்டான், நாங்களும் வெல்லத் தொடங்கியிருந்தோம். அந்தக் கோடையில்தான் கையெழுத்து. பெப்ரவரிக் கதவு மூடுகிற நாளுக்கு முன்பே நான் அறுபது பெட்டி வாங்கி அலுவலகத்தில் வைத்துவிடுவது வழக்கம். யார் போவார் என்று எனக்கும் தெரியாது. யாராவது போவார்கள், ஆகவே பெட்டி வேண்டும். விட்பியிலிருந்து போகிற காலை ரயிலில், நின்றபடியே போனைத் திறந்து, 'முந்திய ஓடரையே திரும்ப அனுப்பு' என்பதை அமத்தினேன். முந்திய ஓடர், ராசு போன கோடையில் பெரிய வீட்டுக்கு மாறியபோது போட்டது. அந்த விலாசமே அதில் கிடந்தது.

கதவு மூடுகிற அன்று காலைப் பயிற்சி முடிந்து ராசு வீட்டுக்குப் போனபோது, வாசலில் மடித்த அட்டைப்பெட்டி அறுபது அடுக்கியிருந்தது. மணி பன்னிரண்டு. மூன்றுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம். அவன் தன் ஒப்பந்தங்களைப் பேசுகிற ஏஜென்டைக் கூப்பிடவில்லை, மேலாளரைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. தாயிடம் மட்டும் சொன்னான். தாய் எனக்குப் போன் எடுத்தார். அந்தக் குரலில் அன்றைக்குப் பகிடி இருக்கவில்லை. "என்ரை பிள்ளை சப்பாத்துகளை அடுக்கத் தொடங்கிட்டான். நீங்கள் போறியளோ, நான் வரட்டோ?"

சப்பாத்து

மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெளிறிப் போனார். ராசுவை விற்கிற எண்ணம் கனவிலும் இல்லை. "நான் கதைக்கிறன், அவர் எங்கையும் போகேல்லை எண்டு சொல்லுறன்" என்று போனை எடுத்தார். அந்த வசனத்தை மட்டும் சொல்லவேண்டாம் என்று தடுத்துவிட்டு நான் போனேன். ராசு நிலத்தில் இருந்தான். பதினேழாம் நம்பர் சப்பாத்து, ஒரு பெட்டிக்குள் மூன்று சோடிக்கு மேல் போகாது. ஒன்பது பெட்டி கட்டியிருந்தான். நான் போனைத் திறந்து ஓடரைக் காட்டினேன், ரயிலைச் சொன்னேன், என் விரலைத் திட்டினேன். அவன் தலை நிமிரவில்லை. "செல்லத்துரை அண்ணைக்கும் ஒண்டும் இல்லை எண்டுதானே சொன்னவை?" என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு டேப்போடு போனவள் நான்தானே. பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். "தம்பி, உம்மை விக்கமாட்டினம் எண்டு நான் சொல்லேலாது. அது என்ரை கையிலை இல்லை. ஆனா அப்பிடி ஒரு நாள் வந்தா, பெட்டிக்கு முன்னம் நான் வருவன். போனிலை இல்லை, ஆளா வந்து முகத்தைப் பாத்துச் சொல்லுவன். இது என்ரை சொல்" என்றேன். பிறகு முதல் பெட்டியைப் பிரித்துச் சப்பாத்துகளை வெளியே எடுத்து வைத்தேன். அவனும் ஒரு பெட்டியைப் பிரித்தான். மூன்று மணியும் கடந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வெறும் பெட்டிகளைக் கட்டித் தூக்கப் போனேன். ராசு கையைப் பிடித்தான். "உங்களை நம்புறன் அன்ரி. ஆனா பெட்டியள் இஞ்சையே கிடக்கட்டும்."

பெட்டி தேவைப்பட்டது

அந்த அறுபதும் வசந்தகாலம் முழுக்க ராசுவின் கதவுக்குப் பின்னால் நின்றன. என்ன அலுவலாகப் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். மேலாளரும் வாரத்துக்கு ஒருமுறை, "நிக்குதோ?" என்று மட்டும் கேட்பார். "நிக்குது" என்பேன். பருவம் முடிந்தது, நன்றாகவே ஆடினோம். கோடை வந்தது. வெயில் ஊர் ஒன்று ராசுவுக்காகக் காத்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. அவனுடைய ஏஜென்ட் வாய் திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் நான் இப்படித் தோற்றதில்லை என்று நினைத்தேன். செய்த வேலை முழுவதையும் ஒரு விரலால் அமத்திக் கெடுத்துவிட்டேன்.

ஒரு யூலை நாள், காலை பத்து மணி ரயிலில் இருந்தேன். போனில் ராசுவின் பெயர். எந்த வீரனும் என்னைத் தானாகக் கூப்பிட்டது கிடையாது. என் பெயரைக் கண்டால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. ஐந்து தடவை மணி அடிக்க விட்டு எடுத்தேன். "அன்ரி, அந்தப் பெட்டியள் இப்ப தேவைப்படுது" என்றான். சரி தம்பி என்றேன். எங்கே அனுப்புகிறது என்று கேட்டேன். "ஸ்காபரோவுக்கு. ஏரிக்கரை மேட்டிலை வீடு வாங்கியிருக்கிறன், தண்ணி தலையிலைதான் விழுது, அளந்து பாத்தனான். காலமை கையெழுத்துப் போட்டிட்டன், இன்னும் அஞ்சு வருசம்." ரயிலில் பக்கத்திலிருந்த பெண் எனக்குக் கைதுடைக்கிற கடதாசி தந்தாள். ராசு நிறுத்தவில்லை: "நாலு லீற்றர் பால் வாங்கி வைச்சிட்டன். மூண்டு பையையும் ஒண்டாவோ ஊத்திறது, அன்ரி?"

அணியை எப்படி மீளக் கட்டினோம் என்று எங்கள் மேலாளர் இப்போதெல்லாம் கூட்டங்களில் படம் போட்டு ஒரு மணித்தியாலம் விளக்குகிறார். கண்ணாடி அடுப்பில் தீய்ந்த பாலை எதால் சுரண்டுவது என்ற விசயம் மட்டும் அதில் வருவதில்லை, அதனால் அது தெரிந்த ஒரே ஆளான என்னை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்கள்.